இரண்டு பேர், ஒரு இருக்கை

அல்டூனா, பென்சில்வேனியா
ஜூலை மாதக் கடைசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பெத்தனி,

உன் காயம் ஆறிக்கொண்டு வருகிறதா, ராத்திரியில் வலியில்லாமல் தூங்குகிறாயா என்று இந்த வரியை எழுதும்போதே கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் வர நாளாகும் என்று தெரிந்தும். நான் இங்கே சுகம். கடிதத்தின் ஆரம்பத்தில் எழுத வேண்டுமே என்று எழுதவில்லை, நிஜமாகவே சுகம், முதுகு உட்பட. எதிர்வீட்டு டிக்ஸி வாங்கிவந்து வாசலில் போட்டுவிட்டுப் போன உரமூட்டையை நேற்று நானேதான் கொல்லைத் தக்காளிப் பாத்தி வரைக்கும் தூக்கிப் போனேன், நடுவில் ஒரு தடவைகூட இறக்கி வைக்கவில்லை. எனக்கு முதுகு வலி இல்லை பெத்தனி. விமானப்படைத் தளத்தில் விமானத்துக்குக் காத்திருந்தபோதும் இல்லை, உனக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கும் இல்லை. அது உன் அப்பா கட்டின கதை.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பின மெசேஜை மளிகைக்கடை வரிசையில் நின்றபடி படித்தேன். "பரவாயில்லம்மா, முதுகு வலியோட அந்த விமானத்துல உன்னால உக்காந்து வர முடியாதுன்னு அப்பா சொன்னாரு, எனக்குக் கோபம் இல்ல" என்று எழுதியிருந்தாய். கோபம் இல்லை என்று நீ சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. கையில் இருந்த பால் டப்பாவை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். போனில் சொல்லிவிடலாம் என்றால், நான் கூப்பிட்டதும் உங்கள் வீட்டில் இருக்கிற உன் அப்பா ஓடிவந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அப்புறம் நீ பேச வேண்டியதையும் அவரே பேசுகிறார், நான் பேச வேண்டியதையும் அவரே பேசுகிறார். மெசேஜில் தட்டினால் இரண்டு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் கடிதம், அதுவும் டோர்ஸ்டன் வேலை பார்க்கிற பட்டறை முகவரிக்கு. உன் புருஷன் உன் கையில்தான் கொடுப்பான், அந்த நம்பிக்கை எனக்கு உண்டு.

ஜூன் மாதம் நீ கூப்பிட்டு மார்பில் கட்டி என்று சொன்ன அன்றைக்கு, "அம்மா, நீ வா, நீ மட்டும் வந்தா போதும்" என்றாய். கல்யாணத்துக்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் போனை வைத்த கையோடு உன் அப்பாவிடம் டிக்கெட் வாங்கிக் கொடுங்கள் என்றேன். அதற்கு அவர், "காசு குடுத்து விமானம் ஏறுறவன் நான் இல்ல லூவான், இருபத்தாறு வருஷம் சரக்கு விமானத்துல பாரம் ஏத்தி இறக்கி முதுகு ஒடிஞ்சிருக்கேன், ஜெர்மனியில இருக்கிற பொண்ணைப் பாக்க ரெண்டு சீட்டு தரமாட்டாங்களா" என்று கேட்டுவிட்டு, அப்போதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பட்டாளத்து விமானத்தில் இலவச இருக்கைக்குத் தளத்தில் பேர் கொடுத்துவிட்டார். இவருக்குப் பணம் இல்லாமல் இல்லை. கஞ்சத்தனம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அந்த விமானத்தில் ஏறினால்தான் தான் இன்னமும் பட்டாளத்து ஆள் என்று அவருக்கு நம்பிக்கை வருகிறது. ஓய்வு பெற்றவன் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும், தளத்து வாசலில் காவலாளி சல்யூட் அடித்தால் அன்றைக்கு முழுக்க நல்ல மூடில் இருப்பார். நானும் பல வருஷம் அந்த மடக்கு இருக்கையில், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அவர் சந்தோஷத்துக்காகப் போய் வந்திருக்கிறேன்.

உன் ஆபரேஷனுக்கு முந்தின வாரமே போய் உட்கார்ந்துவிட்டோம். தளத்துப் பிள்ளையாக வளர்ந்தவள் நீ, அந்தக் காத்திருப்பு உனக்கும் தெரியும். வீட்டில் சாவு என்று ஓடுகிறவர்கள் முதலில், பிறகு லீவில் போகிற சிப்பாய்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், இப்படி எல்லோரும் ஏறி முடித்து, ஏதாவது இருக்கை மிச்சம் விழுந்தால் கடைசியாக நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள். பள்ளிக்கூட விடுமுறை வேறு. தினமும் பேர் வாசிப்பார்கள், நாங்கள் எழுந்து நிற்போம், மறுபடி உட்காருவோம். உன் அப்பாவுக்கு அது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. காபி மெஷின் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எந்த விமானம் எங்கே போகும், யாருக்கு என்ன சட்டம் என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்பெயினுக்குப் போகக் காத்திருந்த ஒடெஸா என்று ஒருத்தி, கடற்படையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், என்னிடம் மெதுவாக, "உங்க வீட்டுக்காரர் ஜெர்மனிக்குப் போறாரா, இங்கயே வேலைக்குச் சேரப் போறாரா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கு உன் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஒரு விமானம். அதை விட்டால் உன் ஆபரேஷனுக்குள் வந்து சேர முடியாது. பேர் வாசித்தார்கள். கடைசியில் "ஷேஃபர், இரண்டு பேர்" என்றாள் கவுண்டரில் இருந்த சீருடைக்காரி. உன் அப்பா விறைப்பாக எழுந்து "ஆஜர்" என்றார். அவள் உடனே, "சார், ஒரு சீட்டுதான் இருக்கு, நீங்க மட்டும் போறீங்களா, ரெண்டு பேரும் நிக்கறீங்களா?" என்று கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நான் போறேன்" என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, "பொண்ணுகிட்ட யாராவது ஒருத்தர் இருக்கணும்ல, நீ அடுத்ததுல வந்துடு" என்றார். ஒடெஸா சும்மா இருக்கவில்லை. "எந்த அடுத்தது? நீங்க பக்கத்துல இல்லாம அவங்களை ஏத்தவே மாட்டாங்க, நேத்து எங்களுக்கெல்லாம் அந்தச் சட்டத்தைச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவர் "ஏதாவது வழி இருக்கும்" என்று முனகிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் உனக்காகச் சுட்டு எடுத்துவந்த பிஸ்கட் டப்பாவோடு நின்றேன். கவுண்டரில் போய்க் கேட்டால் அந்தப் பெண் பாவம், மரியாதையாகத்தான் சொன்னாள், "மேடம், உங்க கணவர் கூட இருந்தாத்தான் உங்க பேருக்கு இங்க மதிப்பு" என்று. புதுச் செய்தியா அது?

ஒடெஸா என் கையைப் பிடித்து, "அழுதுகிட்டு நிக்காதீங்க, பிலடெல்ஃபியாவுல ராத்திரி விமானம் இருக்கு, காசு குடுத்து ஏறுங்க, விடியும்போது ஜெர்மனியில இருப்பீங்க" என்றாள். தன் ஸ்பெயினை விட்டுவிட்டுத் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். பாதி வழி போயிருப்போம், எனக்கு உயிரே வந்துவிட்டது, உன்னைப் பார்த்ததும் என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது அவள் ரோட்டைப் பார்த்தபடியே, "பாஸ்போர்ட் பைக்குள்ளதான இருக்கு?" என்று கேட்டாள். பெத்தனி, அவர் கழுத்தில் மாட்டிக்கொள்வாரே ஒரு துணிப்பை, கவுண்டரில் தடவிக்கொண்டு நிற்கக் கூடாது, எல்லாக் காகிதமும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்று என்னுடையதையும் சேர்த்து அதில்தான் வைத்திருப்பார். என் பாஸ்போர்ட், என் அடையாள அட்டை, கார் சாவி எல்லாமே அதோடு போய்விட்டது. அதை அவளிடம் சொன்னேன். அவள் அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பி, என்னை இங்கே வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போனாள். எங்கள் கார் இன்னும் தளத்தில்தான் நிற்கிறது.

மறுநாள் அவர் உன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பொண்ணு தூங்குகிறது என்று சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டார், நானும் இந்தப் பக்கம் அழுதேன். அந்த நிமிஷம் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூக்கைச் சிந்திக்கொண்டே, "உனக்கு முதுகு வலின்னு சொல்லி வச்சிருக்கேன், ஆபரேஷனுக்குப் போற பொண்ணுகிட்ட விலாவாரியாவா சொல்லிட்டிருக்க முடியும், நீயும் அப்படியே சொல்லிடு" என்றார். பாஸ்போர்ட் எங்கே என்றேன். "அட ஆமா, என்கிட்டதான் இருக்கு, பத்திரமா இருக்கு" என்றார். பத்திரமாம். அதற்கு மேல் கேள், "நான் திரும்பி வந்ததும் மறுபடி ரெண்டு பேரும் சேர்ந்து பேர் குடுத்துக் கிளம்பி வந்துடலாம்" என்றார். நீ பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாய், உன் தூக்கம் கலையக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடியதைத்தான் ஒப்புக்கொண்டேன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது அங்கே என்ன நடக்கிறது என்றும் எனக்குத் தெரியும். டோர்ஸ்டன் ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து ரகசியமாகக் கூப்பிட்டான், அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அங்கிருந்து திரும்புகிற விமானமும் நிரம்பி வழிகிறதாம், மாமனார் தினமும் காலையில் தளத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் உங்கள் வீட்டு சோபாவுக்கே திரும்பி வந்துவிடுகிறாராம். "அத்தை, சொல்லக் கூடாதுதான், அவருக்கு முட்டை ரெண்டு பக்கமும் வேகணுமாம், பெத்தனி காயத்துலேருந்து நீர் வடியற அந்த ட்யூபை இடுப்புல சொருகிக்கிட்டு அடுப்பு முன்னாடி நிக்குறா, நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா" என்றான். உனக்குத் துணைக்கு என்று ஓடிவந்த மனிதர் உன்னிடம் முட்டை கேட்கிறார். நாற்பது வருஷமாக நான் வேகவைத்துக் கொடுத்துப் பழக்கினதற்கு நீ ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும். ரொட்டியும் வெண்ணெயும் மேஜையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள், பசித்தால் எடுத்துச் சாப்பிடட்டும். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையால் வாணலியைத் தூக்காதே, சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியை வலித்தாலும் விடாதே, ஜன்னல் பக்கம் காற்று படுகிற மாதிரி சாய்ந்து உட்கார்.

நான் நியாயமாகத்தான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு இருக்கையை என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருப்பேன். அவரை அந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆகவே அவர் ஏறினதற்கு அவரைத் திட்ட எனக்கு வாய் இல்லை. உன்னிடம் அவருக்கும் பாசம் இருக்கிறது, கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஆனால் நான் போயிருந்தால், அப்பாவுக்கு வர இஷ்டமில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன். அவர் முதுகைச் சாக்காக்கி, நான்தான் வராமல் நின்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டார். அதுவும் நீ பயந்துபோய்ப் படுத்திருந்த நேரத்தில் சொல்லிவிட்டார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை, முயற்சி செய்யவும் போவதில்லை.

உனக்கு மருந்து ஏற்ற ஆரம்பிப்பது அடுத்த மாதக் கடைசியில் என்று டோர்ஸ்டன் சொன்னான். அதற்குள் நான் அங்கே இருக்க வேண்டும். அந்தத் துணிப்பையிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து டோர்ஸ்டனிடம் கொடு, அவன் கூரியரில் அனுப்பட்டும். உன் அப்பாவிடம் கேட்க வேண்டாம், கேட்டால் இதோ அடுத்த வாரம் நானே கொண்டுபோகிறேன் என்பார், அந்த அடுத்த வாரம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. பிட்ஸ்பர்கிலிருந்து காசு கொடுத்து ஏறி வருவேன். திரும்பிப் போகும் தேதி போடாத டிக்கெட்டாகப் பார்த்து வைத்திருக்கிறேன். அவர் அதற்குள் கிளம்பிவிட்டால் சரி, இல்லாவிட்டால் சோபா அவருக்கு, உன் அறையில் தரையில் ஒரு மெத்தை போட்டால் எனக்குப் போதும்.

கர்த்தர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், வலி குறையட்டும், நன்றாகத் தூங்கு. டோர்ஸ்டனுக்கு என் ஆசீர்வாதம், அவனையும் வேளைக்குச் சாப்பிடச் சொல். முடிக்கும் முன்னால் ஒன்று. சொல்லலாமா என்று தயங்கித் தயங்கி அவன் இன்னொன்றும் சொன்னான். உன்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது, பாதி மயக்கத்தில், அம்மா வந்தாச்சா என்று இரண்டு தடவை கேட்டாயாம். உன் அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல" என்றாராம். அவர் இருந்தார், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ கேட்டது என்னைத்தானே, கண்ணே. பாஸ்போர்ட்டை மறக்காமல் அனுப்பு.

உன்னிடம் வரப் புறப்பட்டு நிற்கிற,
அம்மா
லூவான்