ஒரே பெயரில் இரண்டு காய்ச்சல்

இண்டூர்,
பங்குனி 4.

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாடும் அளவுக்கு நலம். நீயும் கடல் தாண்டி அந்தக் கானோ ஊரின் வெயிலிலும் புழுதியிலும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் நீ என்னிடம் கேட்ட ஒரு கேள்வி சில நாளாகத் தலைக்குள் சுற்றுகிறது. அன்று நான் வாத்தியாராக இருந்த உன் பள்ளிக்கு ஊசி போட வந்திருந்தார்கள். உன் வகுப்பில் இரண்டு வெண்மதி. இன்னொருத்தி போட்டுக்கொண்டு அழுதபடி வந்தாள். நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அவளும் வெண்மதி, நானும் வெண்மதி. அவளுக்குப் போட்டா எனக்கும் போட்ட மாதிரிதானுங்கப்பா?" என்றாய். ஆசிரியர் அறையே ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், அங்கே மூளைக்காய்ச்சல் பரவுகிறது, வேலை பார்க்கிற மில்லுக்கே வந்து ஊசி போடுகிறார்கள், எனக்குத்தான் சின்ன வயதிலேயே போட்டாயிற்றே என்று பெயர் கொடுக்கவில்லை என்றாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். காரணத்தை எழுதுகிறேன், போனில் சொன்னால் சரிங்கப்பா என்று வைத்துவிடுவாய். தை மாதம் இங்கே ஒரு மாணவர் விடுதியில் மூன்று பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சல் வந்து, ஒரு பிள்ளை இறந்துபோனது. சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் ஊசி முகாம் வைத்தார்கள். கிராம நர்ஸ் ஜாஸ்மின் வந்து, உங்க எழுத்துதாங்க சார் எல்லாருக்கும் புரியும், பேர் மட்டும் எழுதிக் குடுங்க என்று கேட்டாள். நான்கு நாள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். டீக்கடை சென்றாயன் வரிசையில் நின்றுகொண்டு, "எனக்கு மூளையே இல்லீன்னு வூட்ல தெனம் சொல்றா, காய்ச்சல் மட்டும் எங்கிருந்துங்க சார் வரும்?" என்றான். அவன் மனைவி பின்னாலிருந்து, "வாயிலயும் ஒரு ஊசி போடச் சொல்லுங்க சார்" என்றாள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பாஞ்சாலி வந்தாள். தக்காளி பறிக்கப் போகிறவள், வண்டி ரோட்டில் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. தான் போட்டுக்கொண்டு, மகள் எழிலரசிக்கு வேண்டாம் என்றாள். "மூளைக்காய்ச்சல் ஊசி அவளுக்குக் கைக்குழந்தையிலயே போட்டாச்சுங்க சார், அப்ப நாங்க திருவண்ணாமலைப் பக்கம் இருந்தமுங்க" என்றாள். நான் ஊசி அட்டையைக் கேட்கவில்லை, ஜாஸ்மினையும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் வருகைப்பதிவேடு எழுதிய கை, 'போட்டாயிற்று' என்று தானாக எழுதிவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல், வாந்தி. கழுத்து மடங்கவில்லை, உடம்பில் கருஞ்சிவப்பாகப் புள்ளிகள். தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று சாயங்காலம்தான் ஜாஸ்மின் எனக்கு விளக்கினாள். "ஒண்ணு கொசுவால வர்றதுங்க சார், குழந்தைக்குப் போட்டது அதுக்கு. இது தொண்டையில இருந்து இருமல்ல, எச்சில்ல தொத்தறது. நாமதான் ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சிருக்கறம்." எனக்கு அந்த இன்னொரு வெண்மதி அழுதுகொண்டு வந்தது கண்முன் நின்றது.

எழிலரசி பிழைத்துவிட்டாள். பன்னிரண்டு வயது. இடது காது மட்டும் போய்விட்டது, திரும்ப வராது என்கிறார்கள். நேற்று ரோட்டில் அவளுக்கு இடப்பக்கமாகப் போய்க் கூப்பிட்டேன், திரும்பவில்லை. பாஞ்சாலி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "நான் சொன்னதத்தான எழுதுனீங்க, நீங்க என்னங்க சார் பண்ணுவீங்க" என்று எனக்கே டீ வாங்கிக் கொடுக்கிறாள். பட்டியலில் நான் அப்படி எழுதியவர்கள் எழிலரசி போக நாற்பத்தொரு பேர். ஜாஸ்மினோடு ஒவ்வொரு வீடாகப் போய் அட்டையைக் காட்டச் சொன்னோம். ஒருவர் அட்டையிலும் இந்த ஊசி இல்லை. முப்பத்தெட்டு பேர் போட்டுக்கொண்டார்கள். மூன்று பேர் இன்னும் முடியாது என்கிறார்கள், நாளைக்கும் போக வேண்டும். முழங்கால் வீங்கியிருக்கிறது. உட்கார்ந்தால் எழ மனமில்லை, படுத்தால் தூக்கமுமில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், பயப்படாதே. புளி உலுக்க ஆள் கிடைக்காமல் மரத்திலேயே நிற்கிறது, அது நிற்கட்டும்.

உனக்குச் சின்ன வயதில் போட்டது எந்த ஊசி என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை அம்மா. இந்த ஊசியாக இருக்க வழியில்லை என்கிறாள் ஜாஸ்மின். அன்றைக்குச் சிரிக்காமல் உனக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும், இன்று சொல்கிறேன்: பெயர் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்றாகிவிடாது, நோயும் ஒன்றாகிவிடாது. நீ நீண்ட ஆயுளோடு, இரண்டு காதும் நன்றாகக் கேட்க, நிறைவாக வாழ வேண்டும். அம்மாவும் அதையேதான் எழுதச் சொல்கிறாள். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்கிறேன். படித்ததும், பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கும் ஊசி அட்டையை எடுத்து, வரிவரியாக விரல் வைத்துப் படி. எச்சிலில் தொற்றும் இந்தக் காய்ச்சலுக்கான ஊசி அதில் இல்லையென்றால், நாளைக் காலை முதல் ஆளாக வரிசையில் போய் நில்.

உன் அப்பா,
சென்னப்பன்