உமாசங்கருக்கு நூறு சொல்

ஜூன் 9, 2025, திங்கள்

உமாசங்கர் போகிறானாம். புதுச்சேரியில் வேலை கிடைத்துவிட்டது. முப்பதாம் தேதி கடைசி நாள். ஒன்பது வருடமாக இந்த வரலாற்று ஆய்விதழில் எனக்கு எதிர் மேசை.

"சரி" என்றேன்.

"அவ்ளோதானாக்கா? ஒரு ஐயோவாவது சொல்லுங்களேன்."

முதன்மை ஆசிரியர் சுந்தரபாண்டியன் சார், ஜூலை இதழுக்கு நன்றிக் குறிப்பு எழுதச் சொல்லிவிட்டார். நூறு சொல். போயும் போயும் என்னையா?

ஜூன் 11

"உமாசங்கர் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார்." நான்கு சொல். உண்மை. மேலே நகரவில்லை.

ஜூன் 16

சாரல் பிடித்துவிட்டது. இனி ஆகஸ்ட் வரை கட்டுரையாளர்கள் "நேரில் விவாதிக்க" வருவார்கள், ஈரத் துண்டோடு. குற்றாலத்தில் அலுவலகம் வைத்தால் அப்படித்தான்.

இன்று சிவகிரியிலிருந்து மாரிச்செல்வி, பள்ளி ஆசிரியை. தலையில் இன்னும் அருவித் தண்ணீர்.

"மேடம், உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். அழுதுட்டேன்."

அவர் கட்டுரையை நான் மறுத்தது ஒரே வரியில்: "சான்று இல்லை, வாதமும் இல்லை." அதைத் தட்டச்சு செய்து அனுப்புவது உமாசங்கரின் வேலை. மாரிச்செல்வி காட்டிய கடிதமோ இரண்டு பக்கம். "உங்கள் கேள்வி அருமையானது. விடைக்குத்தான் ஆவணம் போதவில்லை. தேடிப் பாருங்கள், திருத்தி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்." கீழே என் பெயர்!

எதிர் மேசையில் உமாசங்கர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

ஜூன் 17

"ஏலே, எத்தன பேருக்கு இப்படி எழுதின?"

"எல்லாருக்கும்தான்க்கா. நீங்க எழுதுதத அப்படியே அனுப்பினா ஒருத்தன் ரெண்டாவது கட்டுர எழுதுவானா? கட்டுர வேண்டாம்னுதான் நானும் எழுதினேன். திரும்ப வாங்கன்னு சேத்துக்கிட்டேன்."

ஒன்பது வருஷம்! போலி ஆவணத்தைப் பிடிப்பதுதான் என் பிழைப்பே — என் மூக்குக்கு முன்னாலயே செஞ்சிருக்கான். இவன் மூஞ்சியில முழிக்கக் கூடாது.

மதியம் அவன் நீட்டிய கூட்டாஞ்சோற்றை வாங்கவில்லை. அதில் கொஞ்சம் வருத்தம்.

ஜூன் 20

மாரிச்செல்வி அன்று கொடுத்துவிட்டுப் போன திருத்திய கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. எரிச்சல்.

கோப்புகளைப் புரட்டினேன். போன இதழின் ஏழு கட்டுரைகளில் நான்கு, நான் ஒருமுறை தூக்கி எறிந்தவை. அவன் போனபின் என் ஒற்றை வரிகள் அப்படியே போகும். யார் திரும்ப வருவார்கள்? இதழில் என்ன இருக்கும்?

ஜூன் 25

குறிப்பு முடிந்தது. அச்சுக்குப் போகும் எல்லாவற்றுக்கும் மெய்ப்புப் பார்ப்பவன் அவன், இதையும் பார்த்தான். "அன்பானவர், பொறுமைசாலி" என்ற இடத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான்: "சான்று இல்லை."

திமிர்.

ஜூன் 27

சான்றுதானே? நான்கு கட்டுரைகளின் தலைப்பையும் போட்டேன். "இவற்றை நான் மறுத்தேன். எழுதியவர்களைத் திரும்ப வரவழைத்த கடிதங்கள், என் பெயரில் உமாசங்கர் எழுதியவை. நன்றி அவருக்கே உரியது."

அவன் முகம் மாறிவிட்டது. "எக்கா, இது வேண்டாம். எல்லாவனும் உங்கள என்ன நெனைப்பான்?"

"உள்ளதத்தான் நெனைப்பான். பிழை இருந்தா திருத்து."

தாளை வாங்கினான். ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்தான்.

ஜூன் 30

சார் சால்வை போட்டார். தென்காசி பேருந்து நிலையம் வரை அவன் பை ஒன்றைத் தூக்கிப் போனேன். ஏறி, சன்னலோரம் இடம் பிடித்தும் கொடுத்தேன். நான் இறங்காமலே நின்றதில், நடத்துநர் என்னிடம் டிக்கெட் கேட்டார்.

ஜூலை 24

ஆலங்குளத்து மகாராஜா, ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர். அவர் கட்டுரையை மறுத்து இன்று நானே கடிதம் எழுதினேன். காலையில் உட்கார்ந்தது, மூன்று மணிக்கு முடிந்தது. ஒன்றரைப் பக்கம். கீழே என் கைபேசி எண்ணையும் போட்டு மின்னஞ்சலில் அனுப்பினேன்.

நாலரைக்கே கூப்பிட்டுவிட்டார். நாற்பது நிமிடம். "நீங்க சொல்லுதது சரிதான் தாயி, ஆனா..." என்று மூன்று முறை முதலிலிருந்து. காது கொதிக்கிறது. இத்தனை வருடம் அலுவலகத் தொலைபேசியை எடுத்தவன் உமாசங்கர்; இந்தப் பகுதியைச் சொல்லவே இல்லை, களவாணி.

மகாராஜாவின் மைத்துனரும் ஒரு கட்டுரை வைத்திருக்கிறாராம். அனுப்பச் சொல்லிவிட்டேன்.