பரமநாதனின் டிபன் கேரியர்

பினாங்கு, 12.8.1998

அன்புள்ள தவமணிக்கு,

நான் நலம். ஜோகூரில் மழையா? உன் இருமல் விட்டதா?

தலைமுடியைவிட மெல்லிய குறைக்கடத்திக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். அதை மின்புலத்தால் கூட்டிக் குறைப்பதுதான் இங்கே என் ஆராய்ச்சி. நேற்று கருவியில் மின்சார அளவு திடீரென்று ஏறியது. வென்றுவிட்டேன் என்று கத்தியே விட்டேன். கூட வேலை செய்யும் பரமநாதன் ஓடிவந்து, கருவியோடு ஒட்டியிருந்த தன் டிபன் கேரியரை எடுத்தான்.

"சாரி அண்ணே, பொண்டாட்டி கட்டிக் குடுத்தது லா, இன்னும் சூடா இருக்கு."

அளவு இறங்கிவிட்டது. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் வயிறு எரிகிறது, தவமணி. தினமும் அவனுக்கு மட்டும் சூடாக வருகிறது.

மிளகாய்த்தூள் அனுப்பு. வேண்டாம், பள்ளி விடுமுறைக்கு நீயே கொண்டு வா. நீ சமைத்ததையும் அதே இடத்தில் வைத்து, யாருக்கு அளவு அதிகம் ஏறுகிறது என்று பார்த்துவிடுகிறேன்.

தபாலகம் மூடும் நேரம்.

உன்
கனகசுந்தரம்