கூட நகராத புள்ளி

செவ்வாய்க்கிழமை, ஐப்பசி

தூசு மூடிய அந்த இளம் பெரிய நட்சத்திரத்தின் அருகே, அகச்சிவப்புப் படத்தில் மட்டும் தெரிந்த மங்கலான புள்ளியை அதன் துணை நட்சத்திரம் என்றே ஐந்து வருடமாக நம்பியிருந்தேன். இன்று புதுப் படம் வந்தது. நட்சத்திரம் மயிரிழை நகர்ந்திருக்கிறது. புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்கோ பின்னால் கிடக்கும் வேறு ஏதோ ஒன்று. சீ, ஐந்து வருடம்.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா போன் செய்தபோது சொன்னேன்.

"பக்கத்துலதானே இருக்கு, ஏன் துணை இல்லேங்கறே?"

"துணைன்னா கூடவே நகரணும்மா."

அம்மா குரலைத் தாழ்த்தி, "புனே வேலைக்கு நீ போனா, மாப்பிள்ளை திருச்சியை விட்டு வரமாட்டேங்கறாரா?" என்றாள்.

"நட்சத்திரத்தைப் பத்தித்தாம்மா சொன்னேன்."

அடுத்த அறையில் அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். எழுந்து வரவில்லை.