மழையில் கரைந்த லீவு

பேசாமல் இருந்தது போதும். பதினோரு வருஷம் உன்னிடம் கேட்காததை, நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பிறகு கேட்கிறேன். காரணம் உன் பொடி டப்பா. மில் ஆபீசில் உன் மேசை இப்போது என்னுடையது. இன்று காலை கோந்துப் புட்டியைத் தேடி இழுப்பறைக்குள் கைவிட்டேன், டப்பா அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் உன் வாசனை. கூடவே உன் குரல்.

"இன்னா வாத்யாரே, இன்னும் எத்தினி நாளைக்கு சாக்பீஸ் தூள துன்னுகினு இருக்கப்போற? எங்க மில்லுக்கு வா. வர்சத்துக்குப் பதினஞ்சி நாள் லீவு, சம்பளத்தோட."

பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. நான் அங்கேயே வாத்தியாரானேன். நீ அம்பத்தூர் அரிசி மில்லில் தலைமைக் குமாஸ்தா. அந்தப் பதினைந்து நாள் எனக்கு எதற்கு என்று உனக்குத் தெரியும். முதல் பிரசவத்தில் என் மனைவி கமலம் திருவள்ளூரில் தாய்வீட்டில் தவித்தபோது, நான் பூந்தமல்லியில் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தேன். குழந்தை தங்கவில்லை. அடுத்த முறை பக்கத்திலேயே இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை உன் ஒருவனிடம்தான் சொன்னேன். மில்லிலிருந்து வந்த வேலை உத்தரவிலும் 'சம்பளத்துடன் பதினைந்து நாள் லீவு' என்று நீயே உன் கைப்பட எழுதியிருந்தாய். அதை நம்பிப் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அவித்த நெல் களத்தில் காயவில்லை. பதினாறு நாள் மில் ஓடவில்லை. "ஊட்ல காலை நீட்டிப் படு, நைனா" என்றாய். நானும் பாரிவாக்கத்துக்கு உன் வீடு தேடி வந்து சீட்டாடினேன். கமலத்தின் தை மாதப் பிரசவத்துக்கு லீவு முழுசாக இருக்கிறது என்ற நிம்மதி எனக்கு.

தையில் கேட்டேன். பொடியை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாய்.

"லீவா? அதான் மழைல கரஞ்சிபோச்சே, வாத்யாரே! மில்லு நின்னா அதான் லீவு. இங்க வேல செய்ற அத்தினி பேருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாதேடா. நீ எழுதின உத்தரவுல அப்படி ஒரு வார்த்தை இல்லியே."

"இத்தெல்லாம் எவனாச்சும் எய்துவானா? போனீன்னா எடம் போயிடும். வேற ஆளு வாசல்லியே நிக்கிறான்."

நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனபோது கமலம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பெண் குழந்தை. முந்தின நாளே புதைத்துவிட்டார்கள். "மழைக்கு அத்தனை நாள் சும்மாதானே இருந்தீங்க" என்றாள். அவ்வளவுதான். இன்றுவரை வேறெதுவும் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகும் உன் எதிரில் உட்கார்ந்து பேரேடு எழுதினேன். யுத்தம் வந்தது, ஆவடிப் பக்கம் பட்டாள லாரிகள் ஓடின. அதையெல்லாம் பேசினோம். இதைப் பற்றி நீயாக ஒருநாள் வாய் திறப்பாய் என்று காத்திருந்தேன். உனக்கு அது நினைவிலேயே இல்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

நேற்று முதலாளி புதுக் குமாஸ்தாவுக்கு உத்தரவு எழுதச் சொன்னார். பட்டாபிராமிலிருந்து மனு போட்டவன். கையிலிருக்கும் வேலையை விட்டு வரப்போகிறவன். தாய்க்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறதாம். மாசியில் எழும்பூர் ஆஸ்பத்திரியில் வைத்து அறுவை செய்ய வேண்டும், லீவு கிடைக்குமா என்று மனுவிலேயே கேட்டிருந்தான். 'பதினைந்து நாள், சம்பளத்துடன்' என்று எழுதினேன். மழை நாள் கணக்கையும் சேர்க்கலாமா என்றேன்.

"அத்த எதுக்குய்யா எய்தற? ஆளு வரமாட்டான்" என்றார்.

எழுதவில்லை. உத்தரவு தபாலில் போய்விட்டது.

காலையிலிருந்து உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூன்று தடவை களத்தைச் சுற்றிவிட்டு வந்தேன். மேற்கே மேகம் கட்டுகிறது. உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திட்ட வாய் வரவில்லை.

உனக்கு அனுப்ப விலாசம் இல்லை. அவனுக்கு உண்டு. இந்தக் கடிதத்தையே உறையில் போட்டுப் பட்டாபிராமுக்கு அனுப்பப்போகிறேன். வருவதா வேண்டாமா என்று அவனே தீர்மானிக்கட்டும். உத்தரவை எழுதிய கைதான் இதையும் எழுதியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனாலும் பெயர் போடத் துணிவில்லை. 'எடம் போயிடும்' என்று நீ அன்றைக்குச் சொன்னது இன்னும் எனக்குள் இருக்கிறது.

நாலு மணிக்குத் தபால் எடுப்பார்கள். அதற்குள் பெட்டியில் போட்டுவிடுவேன், கையெழுத்து இல்லாமல்.