பெட்டி மூடியில் கடுகு வண்டு

குண்டூசி,

இன்றைக்குக் காலையில் பல் விளக்கப் பின்பக்கம் போனபோது முதலில் பலகையைத்தான் பார்த்தேன். மூன்றாவது நாளாக ஓட்டைகளில் மர மாவு இல்லை. எப்போதும் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் வெள்ளையாக ஒரு திரி நீட்டிக்கொண்டிருக்கும், ஊதுபத்தி எரிந்தபின் சாம்பல் விழாமல் நிற்கிற மாதிரி. விரலால் தொட்டால் உதிர்ந்துவிடும். மறுநாள் காலையில் திரும்ப நிற்கும். மூன்று நாளாக வெறும் ஓட்டைதான். குனிந்து மோந்து பார்த்தேன். அந்தப் புளித்த வாசனையும் குறைந்திருக்கிறது.

எந்தப் பலகை என்று உனக்குத் தெரியாது. உன் சவப்பெட்டிக்குச் செய்த மூடி அது. உனக்குப் போடாமல் விட்ட மூடி. உன் மகள் ஜெனி ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, "முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அம்மாவப் பத்தி எதுனா எழுதிக் குடு சின்னம்மா, நான் படிக்கிறேன்" என்றாள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பேசுகிற மாதிரிதான் எழுத வரும், ஜெனி படித்து நேராக்கிக்கொள்ளட்டும். உன்னை அடக்கம் செய்த அன்றைக்கு உன் வீட்டு வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஜெபத்துக்கும் வருவார்கள். அவர்கள் காதில் விழ வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

உனக்குக் குண்டூசி என்று பேர் வைத்தது நான்தான். ஆள் ஒல்லி, நாக்கு கூர், ரவிக்கையில் எந்நேரமும் ஒரு குண்டூசி. ஆரம்பாக்கத்தில் நான் ரயில் ஏறுவேன். அடுத்த ஸ்டேஷன் எளாவூரில் நீ ஏறுவாய். அதற்கும் அடுத்தது கும்மிடிப்பூண்டி, இறங்கிவிட வேண்டும். அந்த ஒரு ஸ்டேஷனுக்கு உனக்கு நான் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைப்பேன். "பத்து நிமிஷத்துக்கு இன்னாத்துக்குமா எடம்?" என்று ஒரு நாள் ஒருத்தர் சண்டைக்கு வந்தார். "பத்து மணி நேரம் நிக்கப் போறோம்ணா, பத்து நிமிஷம் குந்தறது உனுக்கு வலிக்குதா?" என்று நீ கேட்டாய். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

பேலட் கம்பெனியில் நம் வேலை பொறுக்குவது. பேலட் என்றால் சரக்குக்கு அடியில் வைக்கிற மரத்தட்டு, ஜெபத்துக்கு வருகிற பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். மரம் அறுத்து ஈரப் பலகையாக நம் முன்னால் வரும். நல்லதை அடுக்க வேண்டும். ஓட்டையிலிருந்து மாவு வந்தால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் விழுந்தால் ரிஜெக்ட். ரிஜெக்ட்டை சனிக்கிழமை பெண்கள் விறகுக்கு எடுத்துப் போகலாம். அது அங்கே வழக்கம். உளுத்த கட்டை என்றுதான் எல்லோரும் சொல்வோம். பூச்சி கட்டையைத் தின்கிறது, தின்ற மிச்சம் மாவாக வருகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

நீதான் யோசித்தாய். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பலகை மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாய்.

"கன்னி, இந்தப் பூச்சி மரத்தத் துண்ணுதுன்னா, மாவ ஏன்டி வெளிய தள்ளுது? துண்ற சோத்த யாராவது வாசல்ல கொட்டுவாங்களா?"

"உனுக்கு வேற வேலை இல்ல. சாம்பார் ஆறுது, துண்ணு."

நீ விடவில்லை. மேஸ்திரியின் மூக்குக் கண்ணாடியை வாங்கிவந்து ஓட்டைக்கு நேரே பிடித்துப் பார்த்தாய். என்னையும் பார்க்கச் சொன்னாய். ஓட்டைக்குள் பளபளவென்று கறுப்பாக என்னமோ அடைத்துக்கொண்டிருந்தது. கடுகு மாதிரி. நீ குண்டூசியை எடுத்து, கொண்டைப் பக்கமாக மெல்லத் தொட்டாய். கடுகு உள்ளே போனது. எடுத்ததும் திரும்ப வந்து அடைத்துக்கொண்டது.

"முதுகுடி" என்றாய். "முதுகக் காட்டிக்கினு வாசல அடைச்சிக்கினு கீது. உள்ள இன்னாமோ வெச்சிக்கீது."

அன்று சாயந்திரம் மேஸ்திரியிடம் உளி வாங்கி, ரிஜெக்ட் பலகை ஒன்றை நார் ஓட்டத்தில் பிளந்தோம். உள்ளே ஒரு பாதை. நேராகப் போய் இரண்டாகப் பிரிந்தது. சுவர் எல்லாம் கறுத்துப்போய், அதன்மேல் வெள்ளையாகப் பூசணம், பழைய ஊறுகாய் ஜாடியில் படிகிற மாதிரி. அந்தப் பூசணத்தின் மேல் வாய் வைத்தபடி நொய்யரிசி போலக் குட்டிப் புழுக்கள். ஒன்றுகூட மரத்தைக் கடிக்கவில்லை. பக்கத்தில் முட்டை இருந்தது. அந்தக் கடுகு வண்டு, அதுதான் அம்மா, எங்கே ஓடுவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே புழுக்கள் சுருண்டுவிட்டன. நீ உளியைக் கீழே வைத்துவிட்டாய்.

"துண்ணுக்கினு இருக்கறவங்க ஊட்டுக் கதவ ஒடைக்கக் கூடாதுடி" என்றாய். அதற்கப்புறம் உயிர் உள்ள பலகையை நீ பிளந்ததே இல்லை. பூச்சி சாகப் பலகைக்குச் சூடு காட்டுகிற ஹீட் ரூமில் வெந்து வந்ததை மட்டும்தான் பிளந்து பார்ப்பாய்.

ஒரே ஒரு தடவை தப்பு செய்தோம். அம்மா வண்டை மட்டும் குண்டூசியால் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் குறி வைத்தோம். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் ஓட்டை வாயில் பச்சைப் பூசணம். வேண்டாத பூசணம் ஏறிவிட்டது. "களை எடுக்க ஆள் இல்லன்னா நெல் வயல் இன்னா ஆவும்? அதான்" என்று சொன்னாய். நம் அம்மாக்கள் ஊரார் வயலில் நாற்று நட்டவர்கள். களை என்றால் நமக்குத் தெரியாதா.

ஹீட் ரூமைச் சோதிக்க ஒரு மேடம் வந்தார். எல்லோரும் ஒதுங்கி நின்றோம். நீ நேராகப் போய், "மேடம், இந்த வண்டுக்கு இந்தப் பூசணம் எங்கேந்து வருது? எல்லா ஓட்டையிலயும் ஒரே பூசணமா கீதே" என்று கேட்டாய். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு நின்று பேசினார். பிறந்த இடத்திலிருந்து கிளம்பும்போதே பெண் வண்டு தன் உடம்பில் இருக்கிற ஒரு சின்னப் பைக்குள் பூசணத்தின் விதையை எடுத்துக்கொண்டு வரும், புது மரத்தைத் துளைத்து அதைச் சுவரில் தடவிப் பயிர் செய்யும், அதுதான் அதற்கும் பிள்ளைகளுக்கும் சோறு என்றார்.

"அம்மா ஊட்லேந்து ஒறைமோரு எடுத்துக்கினு வர்ற மாதிரி" என்றாய். மேடம் சிரித்தார். ஆண் வண்டுக்குப் பறக்கத் தெரியாது, பிறந்த ஓட்டையிலேயே இருந்து சாகும் என்றும் சொன்னார். பட்டுப்போகிற மரம் உள்ளுக்குள் புளித்துச் சாராய வாசனை அடிக்கும், அதை மோந்துதான் பெண் வண்டுகள் தேடி வரும் என்றார். அவர் போனதும் நீ என் பக்கம் திரும்பினாய்.

"ஊட்ட உட்டு நகராதது ஒண்ணு, சாராய வாசனைக்குப் பறக்கறது ஒண்ணு. ரெண்டும் சேந்தா உங்க ஊட்டுக்காரரு."

அவரும் ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார். கேட்கட்டும்.

மரம் காய்ந்தால் பூசணம் சாகும், பூசணம் செத்தால் வண்டு இருக்காது, ஓட்டை மட்டும் நிற்கும், கட்டைக்கு ஒன்றும் ஆகாது. இதை நீ எனக்கு எத்தனை தடவை சொன்னாயோ. நானும் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டுப் பெருக்கல் குறி போட்டேன். கம்பெனிச் சட்டம் அது.

உனக்கு விலாவில் வலி என்று நீ சொன்னது எத்தனையோ மாதத்துக்கு முன்னால். வாயு என்றாய். நானும் இஞ்சியும் ஓமமும் கொடுத்தேன். உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ஜெனியைத் தனியாக வளர்த்தவள், ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகும் என்று எந்த டாக்டரையும் உள்ளே பார்க்க விடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை எளாவூரில் நீ ஏறவில்லை. துண்டு போட்ட இடம் காலியாகவே வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

பெட்டியை நாமே செய்வோம் என்று மேஸ்திரிதான் சொன்னார். "நம்ம பொம்பளைக்குக் கடையில வாங்கறதா?" என்றார். அன்று சாயந்திரமே நாலு பேர் சேர்ந்து செய்து லோடு ஆட்டோவில் உன் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாக அறுத்த மாம்பலகை. மறுநாள் காலையில் பெட்டி பெஞ்சு மேல் இருந்தது, மூடி சுவரில் சாய்த்திருந்தது. மூடி முழுக்க வெள்ளைத் திரிகள் நின்றன. ராத்திரி முழுக்க வண்டுகள் அவற்றின் வேலையைப் பார்த்திருக்கின்றன.

உன் வீட்டுக்காரரின் அண்ணன்தான் முதலில் பார்த்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

"உளுத்த கட்டையிலயா எங்க ஊட்டுப் பொம்பளைய அனுப்பறது? பேலட்டுக்கு ஆவாதத எங்க தலையில கட்டிட்டியா மேஸ்திரி?"

பிறகு அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பொறுக்கறவ நீதான? நீ சொல்லும்மா. இது நல்ல கட்டையா, கழிச்ச கட்டையா?"

ஊரே என் வாயைப் பார்த்தது. நான் சொன்னேன், "கழிக்கிற கட்டைதாண்ணே."

அவ்வளவுதான் சொன்னேன். கம்பெனியில் கேட்டால் சொல்கிற பதில் அது. அண்ணே, அது மரத்தைத் தின்னாது, பூசணத்தைத்தான் தின்னும், உள்ளே அம்மாவும் பிள்ளைகளும் இருக்கின்றன, குண்டூசிக்குத் தெரிந்த வண்டுதான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. ஆள் அனுப்பிக் கும்மிடிப்பூண்டியிலிருந்து வேறு மூடி வாங்கிவர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை நீ வெயிலில் கிடந்தாய். சாமியானா நிழல் நகர்ந்துகொண்டே போனது. ஜெனி குடை பிடித்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பெட்டிக்குத் துணி சுற்றியவர்கள்கூட அவரிடம் பேசவில்லை.

எல்லாம் முடிந்ததும் மூடி சுவரோரமாகவே கிடந்தது. ரிஜெக்ட் பெண்களுக்குத்தானே. அதே லோடு ஆட்டோவில் போட்டு ஆரம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கம் நிழலில் வைத்து, தினமும் காலையில் ஒரு சாக்கை நனைத்துப் போர்த்தினேன். காய்ந்தால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்று நீ சொன்னதால். "பலகைக்கு எவளாவது தண்ணி ஊத்துவாளா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.

போன வாரம் மேஸ்திரியிடம் போனேன். ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு மேஸ்திரி. அது கட்டையத் துண்ணாதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் நிமிரவில்லை. "எனக்கும் தெரியும்மா. தெரிஞ்சிதான் எடுத்தேன். இருந்ததுலயே அகலமான பலகை அதான். ஒரு முடிச்சு இல்ல. குண்டூசிதான் சொல்லிச்சே, காஞ்சா பூச்சி போயிடும், கட்டை நிக்கும்னு."

"அப்ப நீங்க அங்க சொல்லியிருக்கலாமே."

"செஞ்சவன் சொன்னா எவன் நம்புவான்? உன்னத்தான கேட்டாங்க."

அரம் போடும் சத்தம் திரும்பக் கேட்டது. நான் வந்து என் அடுக்கில் நின்றுகொண்டேன்.

அதனால் இதை ஜெனி சத்தமாகப் படிக்கட்டும். அண்ணே, மேஸ்திரி கொண்டுவந்தது நல்ல கட்டை. இருந்ததிலேயே நல்ல கட்டை. தெரிந்தும் நான்தான் மாற்றிச் சொன்னேன். அவரைக் கூப்பிட்டு உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

உன் குண்டூசி இப்போது என் ரவிக்கையில் இருக்கிறது. ஜெனி எடுத்துக் கொடுத்தாள். மாவு வந்த பலகைக்கு இப்போதும் பெருக்கல் குறி போடத்தான் செய்கிறேன். போடுவதற்கு முன்னால் குனிந்து, கொண்டைப் பக்கமாக ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். முதுகு இருக்கிறதா என்று. ரயிலில் துண்டு போடுவதையும் இன்னும் விடவில்லை. எளாவூர் வந்ததும் எடுத்துவிடுகிறேன், யாராவது உட்காரட்டும் என்று.

மூடியில் இன்று ஒரு ஓட்டையைக்கூட விடாமல் தொட்டுப் பார்த்தேன். எதிலும் முதுகு தட்டவில்லை. பிள்ளைகள் வளர்ந்து, விதையைப் பைக்குள் எடுத்துக்கொண்டு வேறு மரத்துக்குப் பறந்திருக்கலாம். முப்பது நாள் ஆகப்போகிறதே. இல்லை, நான் ஊற்றிய தண்ணீர் போதாமல் உள்ளேயே காய்ந்திருக்கலாம். மேஸ்திரியிடம் வாங்கிவந்த உளி வாசலில்தான் இருக்கிறது. பிளந்தால் தெரிந்துவிடும். யாராவது ஒருத்தர் உள்ளே இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்?

சாக்கு வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. சொல்லுடி குண்டூசி, இன்னிக்கும் போர்த்தட்டுமா, வேணாமா?