துண்டுக்குள் போன தேதி

அன்புள்ள அப்பாவுக்கு, டப்ளின் குளிரிலிருந்து அபிதாவின் வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

ஆபீசில் ஒரு கூத்து. எங்கள் புரோகிராமில் பல கட்டங்கள் வரிசையாக வேலை செய்யும். எல்லாக் கட்டத்துக்கும் பொதுவான தேதியை ஒரே கட்டத்துக்குள் வைத்துவிட்டேன். தேனிச் சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் மாட்டுக்கு விலை பேசுவீர்களே, அதுபோல மற்ற கட்டங்களுக்குத் தேதி தெரியவே இல்லை. ரிப்போர்ட் வெறுமையாக வந்தது. தப்பைக் கண்டதும், "ஏலே, துண்ட எடுலே!" என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கத்திவிட்டேன். பக்கத்து சீட் குமுளிக்காரர் பதறித் தன் மப்ளரைக் கழற்றிவிட்டார்.

பருப்புப்பொடி கூடுதலாக அனுப்புங்கள்; ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளையும் அதுதான்.

பஸ் வந்துவிட்டது. நேற்று போனைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம், "ஆப்பரேசன்னு புள்ளகிட்ட சொல்லிராத" என்றீர்களே, கேட்டது.

துண்டை எடுங்கள், அப்பா.

அபிதா